ஸ்பவுஸ் விசா முடிந்துவிட்டால்: பிரித்தானியாவில் பிந்தி விண்ணப்பிப்பவர்களுக்கு

பிரித்தானியாவில் ஸ்பவுஸ் விசாவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு விசா முடிந்த செய்தி வேலைத்தலத்திலிருந்துதான் வருகிறது. "உங்கள் வேலை உரிமைக்கான புதிய அத்தாட்சியைத் தாருங்கள்" என்று எச்ஆர் பகுதியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அதற்குப் பிறகுதான் அலுமாரியிலிருந்து பழைய கடிதத்தை எடுத்துத் திகதி பார்ப்பார்கள். யார்மேல் பிழை என்ற சண்டையும் உடனே தொடங்கிவிடும்.

அந்தச் சண்டையை ஒத்திவையுங்கள். விசா முடிந்தது தெரிந்த பிறகு நீங்கள் எடுக்கும் முதல் இரண்டு மூன்று முடிவுகளில்தான் வரும் பல வருடங்களின் செலவும் நிம்மதியும் தங்கியிருக்கின்றன. பயத்தில் பேசாமல் இருந்துவிடுவதும், பதற்றத்தில் டிக்கெட் போட்டு ஊருக்குப் பறப்பதும் நான் பார்த்தவரையில் அதிக சேதம் செய்த இரண்டு முடிவுகள். பிந்தி விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் நாள் போகப் போக அந்த வழி ஒடுங்கிக்கொண்டே போகும்.

இங்கே சொல்வதெல்லாம் பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள ஒருவரின் கணவனாக அல்லது மனைவியாக வந்தவர்களுக்கு. வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ உள்ளவரின் டிபென்டன்டாக வந்தவர்களுக்கு விதிகள் வேறு.

முதலில், உண்மையிலேயே முடிந்துவிட்டதா?

கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் "விசா முடிந்துவிட்டது" என்று அழுதுகொண்டு வருபவர்களில் சிலருக்கு விசா முடிந்திருப்பதில்லை. திகதியில் குழம்ப இரண்டு இடங்கள் உண்டு.

கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் ஒன்று. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் 90 நாளுக்கே இருந்திருக்கும். நாட்டுக்குள் நுழைவதற்கான கால அளவு அது. உங்கள் விசா 33 மாதம்.

அடுத்தது பிஆர்பி என்ற வதிவிட அனுமதி அட்டை. அந்த அட்டைகள் பலவற்றில் முடிவுத் திகதி 31.12.2024 என்று அச்சாகியிருக்கும், உள்ளே இருக்கும் விசா 2025இலோ 2026இலோ முடிந்தாலும் அப்படித்தான். அட்டைகளைக் கைவிட்டு ஈ-விசாவுக்கு (இணையத்தில் மட்டும் இருக்கும் விசாப் பதிவு) மாறும் திட்டத்தால் வந்த திகதி அது. அட்டை செத்தாலும் விசா உயிரோடு இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, கவ்.யூகே என்ற அரச தளத்தில் உங்கள் யூகேவிஐ (விசா அலுவலக) கணக்குக்குள் போய் ஈ-விசாவில் உள்ள திகதியைப் பார்ப்பது. கணக்கு இல்லை என்றால் இன்றே திறவுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பிறகு விசா கிடைத்தபோது ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) அனுப்பிய முடிவுக் கடிதத்தைத் தேடி எடுத்து இரண்டு திகதியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் கடிதத்தை வைத்துக்கொண்டு ஈ-விசாவில் பிழை இருப்பதாக அதே தளத்தில் முறையிடலாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விசா முடியும் முன்பே நீங்களோ உங்கள் சொலிசிட்டரோ விண்ணப்பம் போட்டு, பதில் இன்னும் வரவில்லையா? அப்படியானால் நீங்கள் சட்டவிரோதமாக இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3-சி பிரிவு பழைய விசாவை, பழைய நிபந்தனைகளோடு, முடிவு வரும்வரை தானாகவே நீட்டிக்கிறது. வேலை செய்யலாம், வீடு வாடகைக்கு எடுக்கலாம். வேலைத்தலம் நம்ப மறுத்தால், எம்ப்ளோயர் செக்கிங் சேர்விஸ் என்ற ஹோம் ஒபிஸ் சேவையில் அவர்களே விசாரித்து உறுதிக் கடிதம் பெறலாம். அந்தக் கடிதம் ஆறு மாதம் செல்லும்.

இன்னும் சில நாள் இருக்கிறது என்றால்

இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒரு இரவில் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடக்கூடிய நிலை இது.

விண்ணப்பத் திகதி என்பது இணையத்தில் படிவத்தைச் சமர்ப்பித்துக் கட்டணம் செலுத்திய திகதி. ஆவணங்கள் எல்லாம் கையில் இருக்கவேண்டும் என்பதில்லை. வங்கிக் கூற்று, சம்பளச் சீட்டு, வேலைத்தலக் கடிதம் எல்லாவற்றையும் கைரேகையும் படமும் கொடுக்கும் பயோமெட்ரிக் சந்திப்புக்கு முன் தரவேற்றலாம். "முதலாளி கடிதம் தரட்டும், பிறகு போடுவோம்" என்று காத்திருந்து விசாவைத் தொலைத்தவர்கள் உண்டு. விசாவின் கடைசி நாளிலும் படிவத்தை அனுப்பலாம். வங்கி அட்டை மறுக்கப்பட்டால் அந்த நாளும் போய்விடும் என்பதால் அதுவரை விடாதீர்கள், அவ்வளவுதான்.

எந்தப் படிவம் என்பதில்தான் அடுத்த சறுக்கல். ஸ்பவுஸ் விசாவில் ஐந்து வருடம் முடிந்து ஐஎல்ஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கேட்பவர்களுக்கு செட்-எம். இன்னும் முடியாதவர்கள் விசாவை நீட்டிக்க எஃப்எல்ஆர்-எம். ஐஎல்ஆருக்கு 'லைஃப் இன் த யூகே' சோதனையில் சித்தியடைந்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் பி1 மட்டமும் வேண்டும். சோதனையில் 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் சித்தி, கட்டணம் 50 பவுண். அதில் சித்தியடையாத காரணத்தால் "சித்தியடைந்தபின் போடுவோம்" என்று ஐஎல்ஆரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே விசா முடிவதைத் தாண்டிவிடுகிறவர்கள் நம் சமூகத்தில் நிறைய. குறிப்பாக வீட்டோடு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள். புத்தகம் ஆங்கிலத்தில், படிக்க நேரம் இரவு பத்து மணிக்குமேல். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. ஆனால் சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

சோதனை சித்தியாகாமல் விசா முடியப்போகிறது என்றால் எஃப்எல்ஆர்-எம் போட்டு விசாவை நீட்டிக்க முடியும். அதற்கு ஏ2 மட்ட ஆங்கிலம் போதும், 'லைஃப் இன் த யூகே' தேவையில்லை. பணம் கூடுதலாகச் செலவாகும், மனம் கசக்கும். ஆனாலும் விசா இல்லாமல் போவதன் விலை இதைவிடப் பல மடங்கு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது சோதனையில் சித்தியடைந்து, ஐஎல்ஆருக்கான மற்றத் தகுதிகளும் நிறைந்துவிட்டால், முடிவு வரும் முன் செட்-எம் சமர்ப்பித்துப் பழைய விண்ணப்பத்தை மாற்றவும் இடம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு விண்ணப்பம்தான் நிற்கும், புதியது பழையதன் இடத்தைப் பிடிக்கும்.

பணமே தடையென்றால் கட்டண விலக்குக் கேட்கலாம். எல்லோருக்கும் இல்லை: பத்து வருடப் பாதையில் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) இருப்பவர்களுக்கும், துணைவர் குறிப்பிட்ட சில அரச உதவித்தொகைகள் பெறுவதால் வருமான வரம்பு பொருந்தாதவர்களுக்கும். விசா முடியும் முன் விலக்குக்கான படிவத்தை அனுப்பி, அதன் பதில் வந்து 10 வேலைநாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் போட்டால், முதலில் விலக்குக் கேட்ட திகதியே விண்ணப்பத் திகதியாகக் கொள்ளப்படும். வயதுவந்தவரின் வழமையான ஐஎல்ஆருக்கு இந்த விலக்கு கிடையாது.

விண்ணப்பம் போட்டபின் நாட்டைவிட்டு வெளியே போகாதீர்கள். அயர்லாந்து, ஐல் ஒஃப் மான், சனல் தீவுகள் அடங்கிய பொதுப் பயணப் பகுதியைத் தாண்டினால் விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதாகக் கருதப்படும், 3-சி பாதுகாப்பும் போய்விடும். முன்பெல்லாம் ஹோம் ஒபிஸ் கடவுச்சீட்டை வாங்கி வைத்திருக்கும், போக நினைத்தாலும் போக முடியாது. இப்போது ஸ்கான் செய்துவிட்டு உங்களிடமே தந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ அம்மா கடைசி மூச்சில் இருக்கிறார் என்று தொலைபேசி வரும்போது கடவுச்சீட்டு மேசையில் கிடக்கும், விமான நிலையத்திலும் யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பி வரும்போதுதான் தெரியும். போகத்தான் வேண்டும் என்று முடிவெடுப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விலை தெரிந்து முடிவெடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

முடிந்து 14 நாளுக்குள் இருந்தால்

முன்பு 28 நாள் சலுகை இருந்தது. பழைய ஆட்கள் இன்றும் "28 நாள் கிரேஸ் இருக்குது, பயப்படாதே" என்பார்கள். 2016 நவம்பர் 24ஆம் திகதியோடு அது முடிந்துவிட்டது. இப்போது இருப்பது குடிவரவு விதிகளின் 39-ஈ பந்தி. விசா முடிந்து 14 நாளுக்குள் விண்ணப்பித்து, நேரத்துக்குப் போட முடியாமல் போனதற்கு உங்கள் கட்டுப்பாட்டை மீறிய நல்ல காரணம் இருந்ததாக ஹோம் ஒபிஸ் ஏற்றுக்கொண்டால், இடைப்பட்ட நாட்களைக் கணக்கில் எடுக்காமல் விடும். ஐந்து வருடத்தில் ஐஎல்ஆருக்குப் போகும் வழமையான ஐந்து வருடப் பாதையிலேயே தொடரலாம்.

காரணம் ஏற்கப்படும் வகை எது? அவசரமாக மருத்துவமனையில் சேர்த்தது, நெருங்கிய உறவினரின் மரணம் போன்றவை. மறந்துவிட்டேன், திகதியைப் பிழையாக விளங்கிக்கொண்டேன், வேலை அதிகம் போன்றவை எடுபடாது. சொலிசிட்டர் மறந்துவிட்டார் என்பதும் எடுபடாது. காரணம் உங்கள் கட்டுப்பாட்டை மட்டுமல்ல, உங்கள் பிரதிநிதியின் கட்டுப்பாட்டையும் மீறியதாக இருக்கவேண்டும் என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. சொலிசிட்டரின் கவனயீனத்துக்கு, சட்டத்தரணிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் முறையிட்டு நட்டஈடு கேட்கலாம், அது தனி விடயம். விசாவைக் காப்பாற்ற அது உதவாது.

காரணத்தையும் அத்தாட்சியையும் விண்ணப்பத்தோடேயே கொடுக்கவேண்டும். "கேட்டால் கொடுப்போம்" என்று வைத்திருக்கக்கூடாது. விளக்கக் கடிதம் ஒரு பக்கத்துக்குமேல் போகத் தேவையில்லை. ஆங்கிலத்தில், நாளுக்கு நாள் திகதி போட்டு, ஏறக்குறைய இப்படி:

"என் விசா ஒக்டோபர் 10 முடிந்தது. ஒக்டோபர் 6 நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டு 15ஆம் திகதி வீடு திரும்பினேன். அதற்கு முன்பே ஒக்டோபர் 2 படிவத்தை நிரப்பத் தொடங்கியிருந்தேன், அதன் பதிவு இணைப்பு 1. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கடிதம் இணைப்பு 2. வீடு வந்து மூன்று நாள் படுக்கையில் இருக்கும்படி மருத்துவர் சொன்னது இணைப்பு 3. ஒக்டோபர் 18 இந்த விண்ணப்பத்தை அனுப்புகிறேன்."

பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் இதில் பதில் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வந்தபின் கழிந்த மூன்று நாளுக்கும் இருக்கிறது. அதிகாரி தேடுவது அதைத்தான். கண்ணீரும் வேண்டுகோளும் நிறைந்த நாலு பக்கக் கடிதத்தில் அந்த மூன்று நாள் விடுபட்டிருந்தால் பயனில்லை.

இங்கே எல்லோரும் தவறவிடும் ஒன்றைச் சொல்லவேண்டும். 14 நாளுக்குள் போட்டாலும் 3-சி பாதுகாப்புக் கிடைக்காது. விசா ஏற்கெனவே முடிந்துவிட்டது, நீட்டிக்க ஒன்றும் மிச்சமில்லை. 39-ஈ செய்வதெல்லாம் அந்தத் தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நிராகரிக்காமல் விடுவது. முடிவு வரும்வரை வேலை உரிமை இல்லை.

14 நாளையும் தாண்டியிருந்தால்

கதவு மூடவில்லை. ஆனால் வேறு கதவு.

ஸ்பவுஸ் விதிகள் அடங்கிய அபெண்டிக்ஸ் எஃப்எம், விசா இல்லாமல் இருப்பவர் ஐந்து வருடப் பாதையில் விண்ணப்பிக்க முடியாது என்கிறது. ஆனால் அதிலேயே ஈஎக்ஸ்.1 என்ற விதிவிலக்கும் இருக்கிறது. அதற்கு இரண்டு வாசல்.

பிள்ளை ஒன்று. பிரித்தானியக் குடியுரிமை உள்ள பிள்ளையோ, இங்கே ஏழு வருடம் தொடர்ந்து வாழ்ந்த பிள்ளையோ உங்களுக்கு இருந்து, நீங்கள் உண்மையாகவே அந்தப் பிள்ளையை வளர்த்துவந்து, பிள்ளையை நாட்டைவிட்டுப் போகச் சொல்வது நியாயமில்லை என்றால் விசா கிடைக்கும். குடியுரிமையோ வதிவிட உரிமையோ உள்ள ஒருவருக்கு இங்கே பிறந்த பிள்ளை பெரும்பாலும் பிறப்பிலேயே பிரித்தானியப் பிரசை. பல தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவே வலுவான வாசல். பாடசாலைக் கடிதம், ஜீபி (குடும்ப மருத்துவர்) பதிவு, தடுப்பூசிச் சிவப்புப் புத்தகம், பிள்ளையை யார் கூட்டிப்போகிறார் கூட்டிவருகிறார் என்று வகுப்பாசிரியர் எழுதும் நாலு வரி இவையெல்லாம் ஆவணங்கள்தான்.

பிள்ளை இல்லாதவர்களுக்கு இரண்டாவது வாசல்: பிரித்தானியத் துணைவரோடு வேறு நாட்டில் குடும்பம் நடத்தத் தாண்டமுடியாத தடைகள் இருக்கவேண்டும். இது கடினம். உச்ச நீதிமன்றம் 2017இல் அக்யார்கோ வழக்கில் இந்த அளவுகோல் சரியானதே என்று சொன்னது. இலங்கையில் வேலை கிடைக்காது, இங்கே வீட்டுக் கடன் இருக்கிறது என்பதெல்லாம் தனியாகப் போதாது. துணைவர் அகதி அந்தஸ்துப் பெற்றவராக இருந்து அந்த நாட்டுக்கே திரும்பமுடியாத நிலையில் இருந்தால் கதை வேறு. இங்கு மட்டுமே கிடைக்கும் சிகிச்சையில் இருந்தாலும், வயதான பெற்றோர் அவரையே நம்பியிருந்தாலும் நிலைமை மாறும். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்து குடியுரிமை எடுத்தவர்கள் தங்கள் பழைய அகதிக் கோப்பைத் தேடி எடுக்கவேண்டும். இருபது வருடத்துக்கு முந்திய முடிவுக் கடிதம் பரணில் கிடந்தால் அதை இறக்குங்கள். இப்போது குடியுரிமை இருப்பதால் அது தானாக வெல்லாது, ஆனால் வாதத்துக்கு அடித்தளம் அது.

உங்கள் பக்கம் இன்னொரு நியாயமும் இருக்கிறது, சொலிசிட்டர் விட்டுவிட்டால் நினைவூட்டுங்கள். சட்டவிரோதமாக இருந்த காலத்தில் உருவான உறவுக்கு நீதிமன்றம் குறைந்த மதிப்பே தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 117-பி பிரிவு சொல்கிறது. உங்கள் கலியாணமோ விசா கேட்கும் முன்பே நடந்தது, நீங்கள் வந்ததும் சட்டப்படி. அந்தக் குறை உங்கள் உறவுக்குப் பொருந்தாது.

இந்த வழியில் கிடைப்பது பத்து வருடப் பாதை, அதாவது ஐஎல்ஆர் கேட்கப் பத்து வருடம் ஆகும். ஒவ்வொரு தடவையும் 30 மாதம். 2025 ஏப்ரலில் ஒரு தடவைக்கான கட்டணம் 1,321 பவுண் ஆக இருந்தது, சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் இரண்டரை வருடத்துக்கு 2,587.50. மொத்தம் 3,908.50 பவுண். ஐஎல்ஆர் அப்போது தனியாக 3,029. முன்பு ஐந்து வருடப் பாதையில் கழித்த காலம் பத்து வருடக் கணக்கில் சேரக்கூடும். அனுமதி கிடைத்தபின் ஐந்து வருடப் பாதைக்கு மாறலாம், ஆனால் அந்த ஐந்து வருடம் முதலிலிருந்து எண்ணப்படும். எது இலாபம் என்பது நீங்கள் எத்தனை வருடம் கடந்துவிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அது மனித உரிமைக் கோரிக்கை என்பதால், பொதுவாக முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். நாட்டுக்குள் இருப்பவருக்கு 14 நாள் அவகாசம். முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

அதுவரை வேலை, வீடு, மருத்துவம்

விசா முடிந்து, நேரத்துக்கு விண்ணப்பமும் போடாத நிலையில் வேலை செய்வது கிரிமினல் குற்றம். கடையில் கைக்காசுக்கு நிற்பதும் அதுதான். சொந்தக்காரரின் கடை என்றாலும் அதுதான். 2024 பெப்ரவரி முதல் முதலாளிக்குத் தண்டம் ஒரு ஆளுக்கு 45,000 பவுண் வரை போகும், இரண்டாம் தடவை 60,000. உதவி செய்கிறேன் என்று வேலை தரும் மாமாவின் கடையையே இது விழுங்கிவிடும். உங்கள் விண்ணப்பத்திலும் கறையாக நிற்கும். வேலைத்தலத்தில் உண்மையைச் சொல்லிச் சம்பளமில்லா விடுப்புக் கேளுங்கள். சிலர் இடத்தைப் பிடித்துவைப்பார்கள், சிலர் நிறுத்திவிடுவார்கள்.

இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு எடுக்கவும் குடிவரவு அந்தஸ்துப் பார்க்கப்படும். ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் ரத்தாகலாம்.

மருத்துவத்துக்குப் பயப்படாதீர்கள். ஜீபியைப் பார்ப்பது இலவசம், விபத்து அவசரப் பிரிவும் இலவசம். மருத்துவமனையில் மேற்கொண்டு சிகிச்சை பெற்றால் இங்கிலாந்தில் சிகிச்சைச் செலவின் 150 வீதத்தைக் கட்டணமாக அறவிடலாம். ஆனால் உடனடியாகத் தேவையான சிகிச்சையையும் பிரசவ கவனிப்பையும் பணத்துக்காக மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. கர்ப்பிணி ஒருவர் பில்லுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதுபோல் ஆபத்து வேறில்லை. போங்கள், பில்லைத் தவணையில் பேசிக்கொள்ளலாம்.

ஊருக்குப் போய்த் திரும்ப விண்ணப்பிக்கலாமா?

பிள்ளையும் இல்லை, தாண்டமுடியாத தடையென்று காட்டவும் ஒன்றுமில்லை, வருமானமும் ஆவணங்களும் மட்டும் நன்றாக இருக்கின்றன என்றால் சில சமயம் இதுவே நேர்மையான வழி. ஆனால் ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்: 30 நாள். விசா முடிந்து 30 நாளுக்குள் சொந்தச் செலவில் போனவருக்குப் பொதுவான மீள்நுழைவுத் தடை வராது. அதைத் தாண்டிப் போனால் பொதுவிதிப்படி 12 மாதம், அரச செலவில் போனாலோ வெளியேற்றப்பட்டாலோ இன்னும் நீளும். குடும்ப விசாவுக்கு இந்தத் தடை உங்கள் விடயத்தில் எப்படிப் பொருந்தும் என்பதுதான் டிக்கெட் போடும் முன் சொலிசிட்டரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

சென்னையிலோ கொழும்பிலோ இருந்து போடும் விண்ணப்பத்துக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், விண்ணப்பக் கட்டணமும் (2025 ஏப்ரலில் 1,938 பவுண்) சுகாதாரக் கட்டணமும் (அப்போது 3,105 பவுண்) வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஐந்து வருடக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். வருமானக் கேள்வியும் இருக்கிறது: 2024 ஏப்ரல் 11 முதல் வரம்பு வருடத்துக்கு 29,000 பவுண். அதற்கு முன்பே இந்தப் பாதையில் நுழைந்து அதே துணைவரோடு நீட்டிப்பவர்களுக்குப் பழைய 18,600தான். நாட்டைவிட்டுப் போய்ப் புதிதாகத் தொடங்கினால் அந்தச் சலுகை நிற்குமா என்று எழுத்தில் ஆலோசனை பெறாமல் கிளம்பாதீர்கள்.

ஆலோசனை யாரிடம்

கோயிலில் பார்த்த அண்ணா, படிவம் நிரப்பித் தரும் அக்கா, பத்து வருடத்துக்கு முன் தனக்கு நடந்ததை வைத்துச் சொல்பவர் எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் 28 நாள் கதை இன்றும் உயிரோடு இருப்பது இப்படித்தான். அனுமதி பெறாதவர் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாகச் செய்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குடிவரவு ஆலோசகர்களைக் கண்காணிக்கும், முன்பு ஓஐஎஸ்சி என்று இருந்த அமைப்பு 2025 ஜனவரியிலிருந்து இமிகிரேஷன் அட்வைஸ் ஒதோரிட்டி. அதன் இணையதளத்தில் ஆலோசகரின் பெயரைத் தேடிப் பாருங்கள். சொலிசிட்டர் என்றால், அவர்களைக் கண்காணிக்கும் எஸ்ஆர்ஏ அமைப்பின் பதிவேட்டில் தேடுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள், சமர்ப்பித்த படிவத்தின் முழுப் பிரதியையும் அன்றே கேட்டு வாங்குங்கள். "போட்டாச்சு" என்ற வாட்ஸ்அப் குரல்பதிவு அத்தாட்சி ஆகாது.

வசதியில்லாதவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ், உள்ளூர் லோ சென்டர் இரண்டிலும் கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படியான வழக்குகளுக்கு இலவசச் சட்ட உதவி 2013 முதல் பெரும்பாலும் இல்லை. விதிவிலக்கு நிதி என்ற ஒன்றுண்டு, கேட்டுப் பாருங்கள். ஸ்கொட்லாந்தில் நிலைமை மேல்.

கணவரே விசாவைப் பிடித்துவைத்திருந்தால்

சில வீடுகளில் விசா மறந்துபோய் முடிவதில்லை. "நான் கையெழுத்துப் போடமாட்டேன், உன்னை அனுப்பிவிடுவேன்" என்று சொல்லிக் கடவுச்சீட்டை ஒளித்துவைத்து முடியவிடுகிறார்கள். அடியும் மிரட்டலும் பணத்தைக் கட்டுப்படுத்துவதும் எல்லாம் குடும்ப வன்முறை என்றே சட்டம் பார்க்கிறது. ஆண்களுக்கும் இது நடக்கிறது.

இந்த நிலையில் இருப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் முதல் வழி அல்ல. குடும்ப வன்முறையால் உறவு முறிந்த ஸ்பவுஸ் விசாக்காரர் நேரடியாக ஐஎல்ஆர் கேட்கலாம். கடைசியாக இருந்தது ஸ்பவுஸ் விசா என்றால் அது முடிந்துவிட்டதாலேயே கதவு அடைபடாது. வருமான வரம்பு இல்லை, ஆங்கிலச் சோதனை இல்லை, கையில் பணமில்லாதவர் கட்டணவிலக்கும் கேட்கலாம். இருக்க இடமில்லாதவருக்கு மூன்று மாதத் தற்காலிக அனுமதியும் உண்டு, அந்தக் காலத்தில் அரச உதவி பெறலாம். தேசிய உதவித் தொலைபேசி 0808 2000 247, நாள் முழுவதும், இலவசம். தமிழில் பேசவேண்டும் என்று கேளுங்கள், மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

திகதிகளை ஒருமுறை கணக்குப் போட்டு வையுங்கள்

விசா கையில் இருப்பவர்கள் இதை இன்றே செய்யலாம். ஒருவரின் முதல் விசா 10.01.2023 முதல் 10.10.2025 வரை, அவர் நாட்டுக்குள் வந்தது 02.02.2023 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் வந்த நாளிலிருந்து எண்ணப்படும், எனவே 02.02.2028. ஐஎல்ஆர் அதற்கு 28 நாள் முன்பிருந்து, அதாவது 05.01.2028 முதல் கேட்கலாம். நடுவில் உள்ள நீட்டிப்பு 30 மாதம். அதை அவசரப்பட்டு முன்கூட்டியே கேட்டு 2025 ஜூனிலேயே கிடைத்துவிட்டால், 30 மாதம் 2027 டிசம்பரில் முடிந்து ஐந்து வருடத்துக்கு முன் இன்னொரு நீட்டிப்புக்குப் பணம் கட்ட நேரும். செப்டம்பர் நடுப்பகுதியில் போட்டால் சரியாக வரும். பிந்துவதுபோலவே முந்துவதும் செலவு வைக்கும்.

சேர்ந்து வாழ்வதற்கான ஆவணங்களை ஒரு கோப்பில் போட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு வருடத்தில் பரவிய ஆறு கடிதம், குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து, இருவர் பெயரிலும். கவுன்சில் டக்ஸ், வங்கி, ஜீபி, மின்சாரம். எல்லாப் பில்லும் கணவர் பெயரில் மட்டும் இருக்கும் வீடுகளில் மனைவியின் பெயரை இந்த வாரமே சேர்க்கச் சொல்லுங்கள்.

பிந்திப்போனவர்களுக்கு ஒரு விடயம் மிச்சம். இனிவரும் எல்லாப் படிவங்களிலும், பிறகு குடியுரிமைக்கான படிவத்திலும், விசா இல்லாமல் இருந்த காலம் பற்றிக் கேள்வி வரும். குடியுரிமைக்கு நன்னடத்தை பார்க்கும்போது பின்னோக்கிப் பத்து வருடம் வரை பார்ப்பார்கள். எத்தனை நாள் என்பதைச் சரியாக எழுதி, அந்த விளக்கக் கடிதத்தின் பிரதியையும் மருத்துவமனைக் கடிதத்தையும் இணையுங்கள். பிந்தியதை மன்னிக்க விதியில் இடம் இருக்கிறது, மறைத்ததைக் கண்டுபிடித்தால் அதைப் பொய் என்றே பதிவார்கள். அந்தக் கோப்பை ஐஎல்ஆர் கிடைத்தபின்னும் வீசாதீர்கள்.